வேருக்குள் வந்த விருந்தாளி: சேர் அல்பேர்ட் ஹவார்ட் (1873 – 1947)



எல்லயில் இருந்து தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கப் போகும் வழியில், மண்ணை வெட்டி இறக்கிய மேடுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். மேலே இடுப்பளவு உயரத்துக்குக் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி நிற்கும். கீழே அதன் வேர், செடியின் உயரத்தைவிட ஆழமாக இறங்கியிருக்கும். தடித்த வேர்கள் எல்லோருடைய கண்ணிலும் படும். அவற்றின் நுனியில் தொங்கும் நூல் போன்ற வெளிறிய வேர்களை யாரும் கவனிப்பதில்லை. நீரையும் கனியுப்புகளையும் உறிஞ்சுபவை அவைதாம். அவற்றின் மேற்பட்டைக் கலங்களுக்குள்ளே ஒரு பங்கசு குடியிருக்கின்றது என்பதே இப்பாடத்தின் தொடக்கம்.

மைக்கொரைசா எனப்படும் இந்த வேர்ப்பங்கசுவைப் பற்றிக் கேட்டால், வேருக்கும் பங்கசுக்கும் இடையிலான ஒன்றியவாழ்வு என்று எழுதி ஒரு புள்ளியைப் பெற்றுவிடுவீர்கள். அந்தக் கலத்துக்குள் என்ன நடக்கின்றது என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடும். ஆகவே வரைவிலக்கணத்தை விட்டுவிட்டு, நமது நாட்டுத் தேயிலையின் வேரைப் பற்றி உலகம் முழுவதும் பேசவைத்த ஒரு மனிதரின் வாழ்க்கை வழியாக இதனைப் பார்ப்போம். அவர் சரியாகக் கண்டதும் உண்டு, தவறாக விளங்கிக்கொண்டதும் உண்டு. இரண்டும் உங்களுக்குப் பயன்படும்.

அல்பேர்ட் ஹவார்ட் 1873 ஆம் ஆண்டு டிசெம்பர் 8 ஆம் திகதி இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மாட்டுத் தொழுவமும் எருக்குவியலும் அவருக்குப் பிறந்த வீட்டுச் சாமான்கள். பின்னர் இலண்டனில் விஞ்ஞானம் கற்று, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானமும் விவசாயமும் படித்தார்.

இங்கே ஒரு சிறு விலகல். அக்காலத்தில் கேம்பிறிட்ஜில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் மார்ஷல் வார்ட். இந்தப் பெயரை ஊவா மாணவர்கள் மறக்கக்கூடாது. 1869 இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஹெமிலியா என்னும் பங்கசு உண்டாக்கிய துரு நோய் அது. அதனை ஆராய 1880 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டவரே வார்ட். இரண்டு ஆண்டுகள் இங்கே தங்கி, நோயின் வித்திகள் காற்றில் பரவி, இலையின் இலைவாய் வழியாக உள்ளே நுழைவதை விளக்கினார். மருந்து கிடைக்கவில்லை. கோப்பி அழிந்து, மலைகள் தேயிலைக்கு மாறின. ஆகவே ஊவாவில் பங்கசு என்றால் நினைவில் நின்றது ஓர் எதிரிதான். ஹவார்ட் கற்றுத் தேறியதும், பங்கசு என்றால் பயிரின் எதிரி என்று பார்த்த அந்தத் துறையிலேதான்.

முதல் பெரிய உத்தியோகமும் அதே வழியில் வந்தது. 1899 முதல் 1902 வரை மேற்கிந்தியத் தீவுகளின் விவசாயத் திணைக்களத்தில் பங்கசுவியலாளராகப் பணியாற்றினார். கரும்பின் நோய்களை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதும், கண்டதை விவசாயிகளுக்குச் சொல்வதும் வேலை. அங்கேதான் அவருக்கு மனக்குறை தொடங்கியது. நோய்க்கு மருந்து சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் தாமே ஒரு பயிரை நட்டு வளர்த்துப் பார்க்க ஒரு துண்டு நிலம்கூட அவருக்கு இல்லை. கண்ணாடித் தகட்டில் பங்கசு இருக்கின்றது, அது வளர்ந்த வயலோ கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கின்றது. இந்தக் குறை அவரைக் கடைசிவரை விடவில்லை.

1905 இல் இந்தியாவின் பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குப் பொருளாதாரத் தாவரவியலாளராக வந்தார். அதே ஆண்டில் கேப்ரியல் மத்தேயியைத் திருமணம் செய்தார். ஒளித்தொகுப்புப் பாடத்தில் பிளக்மனின் கட்டுப்படுத்தும் காரணி விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த விதிக்கு ஆதாரமான வெப்பநிலைப் பரிசோதனைகளைப் பிளக்மனுடன் இருந்து செய்த விஞ்ஞானி இவரே. பூசாவில் ஹவார்டின் பெயரில் வெளிவந்த வேலையில் பாதி இந்த அம்மையாருடையது என்று சொன்னால் மிகையாகாது. இருவருமாகச் சேர்ந்து பூசா 4, பூசா 12 முதலிய கோதுமை இனங்களை உருவாக்கினர்.

பூசாவில் ஹவார்டுக்குக் கேட்ட நிலம் கிடைத்தது. அங்கே மருந்து தெளிக்காமல் பயிர் செய்து பார்த்தார். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் செய்வதைக் கவனித்தார். பூச்சியும் பங்கசுவும் வந்தால் அவற்றை எதிரிகளாக அன்றி, மண்ணில் எங்கே பிழை உள்ளது என்று காட்டும் ஆசிரியர்களாகக் கொண்டார். வடிகால் கெட்டு, வேருக்குக் காற்றோட்டம் குறைந்த இடத்தில்தான் நோய் முதலில் வருகின்றது என்பது அவர் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. தமது எருதுகள் நல்ல தீனி உண்டதால், வாய்க்கால் நோய் பிடித்த பக்கத்து மாடுகளோடு உரசியும் நோய் தொற்றவில்லை என்றும் எழுதினார். இந்தக் கடைசிக் கூற்றை அவருடைய அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டுத் தொகுதி இல்லாத அவதானிப்பு, பரிசோதனை ஆகாது.

1924 இல் இந்தூருக்கு மாறி அங்கு பயிர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். இலை, தழை, வைக்கோல் முதலிய தாவரக் கழிவு, மாட்டுச் சாணம், சிறுநீர் ஊறிய மண், சிறிதளவு சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரமும் காற்றும் கொடுத்து, இரண்டு முறை புரட்டினால் மூன்று மாதங்களில் கூட்டெரு தயாராகும். இந்தூர் முறை எனப்படுவது இதுவே. யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931 இல் இதனை நூலாக வெளியிட்டார். கேப்ரியல் 1930 இல் காலமானார். ஹவார்ட் அடுத்த ஆண்டே இந்தியாவை விட்டு நாடு திரும்பினார். 1934 இல் சேர் பட்டம் கிடைத்தது.

பலருக்கு வாழ்க்கை இத்தோடு ஓய்ந்துவிடும். ஹவார்டுக்கு அறுபது வயதுக்குப் பின்னர்தான் தேயிலை வந்தது.

1937 இன் இறுதியிலும் 1938 இன் தொடக்கத்திலும் அவர் இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். கூட்டெரு இட்ட மலைகளில் செடி தெளிவாகத் தேறி வருவதைக் கண்டார். அவரைக் குழப்பியது வேறொன்று. இட்ட எருவின் அளவு மிகவும் குறைவு. அதிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் கணக்குப் பார்த்தால், இவ்வளவு மாற்றம் வர நியாயம் இல்லை. அப்படியானால் எரு செய்வது போசணை கொடுப்பது மட்டும்தானா?

அக்காலத்தில் இங்கிலாந்தில் மேபல் ரெய்னர் என்னும் பெண் விஞ்ஞானி, வேர்ப்பங்கசுவையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டிருந்தார். வேர்ஹாம் என்னும் தரிசு நிலத்தில் வளர மறுத்த ஊசியிலை மரக்கன்றுகள், சிறிதளவு கூட்டெரு இட்டதும் வேரில் பங்கசு பெருகி வளர்ந்ததை அவர் காட்டியிருந்தார். ஹவார்ட் தேயிலை வேர்களை அவரிடம் அனுப்பினார். மெல்லிய வெட்டுமுகங்களைச் சாயமிட்டுப் பார்த்தபோது, இளம் வேரின் மேற்பட்டைக் கலங்கள் பங்கசு இழைகளால் நிறைந்திருந்தன. சில கலங்களில் இழைகள் முழுமையாக இருந்தன. சிலவற்றில் அவை உருக்குலைந்து மறைந்துகொண்டிருந்தன. தேயிலை வேரில் பங்கசு இருப்பதை வேறு சிலர் முன்னரே கண்டிருந்தனர். அதனைத் தோட்டத்தின் விளைச்சலோடு சேர்த்துப் பேசியவர் ஹவார்ட். 1940 இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற விவசாய நூலில் தேயிலைக்குத் தனி இடம் கொடுத்தார்.

அவர் சொன்ன விளக்கம் இது: பங்கசு மண்ணிலுள்ள உக்கலை உண்டு கொழுக்கின்றது, பின்னர் வேர்க்கலம் அந்தப் பங்கசுவைச் சமிபாடடையச் செய்து அதன் புரதத்தை எடுத்துக்கொள்கின்றது, இரசாயனப் பசளை இட்டால் இந்தப் பாலம் அறுந்துவிடுகின்றது.

இனி, இன்றைய அறிவைக் கொண்டு அந்தக் கலத்துக்குள் நுழைந்து பார்ப்போம். இப்பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்.

பொசுபேற்றுப் பற்றாக்குறையான வேர், ஸ்ட்ரைகோலக்டோன் என்னும் பதார்த்தத்தை மண்ணுள் சுரக்கின்றது. இது பங்கசுக்கு ஒரு கூப்பிடு குரல் என்பது 2005 இல் கண்டறியப்பட்டது. அக்குரல் எட்டியதும் பங்கசு இழை அடர்த்தியாகக் கிளைவிடும். பங்கசும் பதிலுக்குச் சில மூலக்கூறுகளை அனுப்பும். வேர்க்கலம் அதனை உணர்ந்து, வருவது நோயாக்கி அல்ல என்று இனங்காணும். இழை மேற்றோலைத் தொட்டதும் கலம் செய்யும் காரியம் வியப்பானது. அதன் கரு, இழை தொட்ட இடத்துக்கு நகர்ந்து வருகின்றது. பின்னர் கலத்தின் குறுக்கே ஒரு சுரங்கப் பாதை போன்ற அமைப்பைக் குழியவுரு முன்கூட்டியே கட்டி வைக்கின்றது. அது தயாரான பின்னர்தான் பங்கசு நுழைகின்றது. வழியை அமைப்பது பங்கசு அல்ல, தாவரக் கலமே.

மேற்பட்டையின் உட்பகுதிக் கலத்தை அடைந்த இழை, அங்கே சிறு மரம் போலக் கிளை கிளையாகப் பிரிகின்றது. இதற்கு ஆபஸ்கியூல், அதாவது சிறுமர உரு என்று பெயர். இங்கே மாணவர் பலர் பிழைவிடும் இடம் ஒன்று உண்டு. பங்கசு கலச்சுவரைக் கடக்கின்றது, கலமென்சவ்வைத் துளைப்பதில்லை. கையுறைக்குள் விரல் நுழைவது போல, மென்சவ்வு ஒவ்வொரு கிளையையும் சுற்றி உள்நோக்கி விரிகின்றது. இதனால் மென்சவ்வின் பரப்பளவு பல மடங்காகின்றது. பெரிய புன்வெற்றிடம் ஒதுங்கிச் சிறுத்துவிடும். அகத்தோலைத் தாண்டிப் பங்கசு போவதில்லை. கலனிழையங்கள் தப்பி நிற்கின்றன.

விரிந்த அந்த மென்சவ்வில்தான் கொடுக்கல் வாங்கல். பொசுபேற்றைக் காவும் சிறப்புப் புரதங்கள் அங்கே பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கான பரம்பரையலகுகள் 2001, 2002 ஆம் ஆண்டுகளில் உருளைக்கிழங்கிலும் ஒரு அவரைக் குடும்பத் தாவரத்திலும் கண்டுபிடிக்கப்பட்டன. அப்புரதம் வேலை செய்யாவிட்டால் சிறுமர உரு முதிருமுன்னரே அழிந்துவிடும். வாடகை தராதவரைக் கலம் வைத்திருப்பதில்லை என்று நினைவில் வையுங்கள். பொசுபேற்றுக்குப் பதிலாகத் தாவரம் வெல்லத்தையும் கொழுப்பமிலங்களையும் கொடுக்கின்றது. ஒளித்தொகுப்பில் கிடைக்கும் காபனில் 20 சதவீதம் வரை இவ்வாறு செல்லக்கூடும். கொழுப்பமிலத்தையும் தாவரமே ஊட்டுகின்றது என்பது 2017 இல்தான் தெளிவாயிற்று.

இந்தச் சிறுமர உரு சில நாட்களே வாழும். பின்னர் குலைந்து மறைந்துவிடும். கலம் சாவதில்லை, பழைய நிலைக்குத் திரும்பி இன்னொரு விருந்தாளியை ஏற்கத் தயாராகின்றது. ஹவார்டும் ரெய்னரும் கண்ட உருக்குலைந்த இழைகள் இவைதாம். அவர்கள் கண்டது உண்மை. புரதத்துக்காக நடக்கும் சமிபாடு என்று விளங்கிக்கொண்டதே தவறு. தாவரத்துக்குக் கிடைக்கும் முக்கிய இலாபம், பங்கசு உயிரோடு இருக்கும்போது மென்சவ்வு வழியாக வரும் பொசுபேற்று.

நமது மலைகளுக்கு இது ஏன் முக்கியம்? தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர். அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொசுபேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீற்றர் தூரத்திலுள்ளது தீர்ந்தால், அப்பாலுள்ளது தானாக நகர்ந்து வராது. பங்கசு இழை அந்த வெறுமையான வளையத்தைத் தாண்டிப் பல சென்ரிமீற்றர் தூரம் சென்று கொண்டுவரும். ஒப்பிட்டு எழுதச் சொன்னால் பைனஸ் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேரில் பங்கசு கலங்களுக்கு இடையே வலைபோலப் படர்ந்து, வெளியே உறை போலப் போர்த்தும். கலத்துக்குள் நுழையாது.

இரசாயனப் பசளை பற்றி ஹவார்ட் சொன்னதில் பாதி நின்றது. மண்ணில் பொசுபேற்றை அள்ளிக் கொட்டினால், தாவரம் கூப்பிடு குரலைக் குறைத்துப் பங்கசுவை ஏற்க மறுக்கின்றது என்பது பின்னர் பரிசோதனைகளால் நிறுவப்பட்டது. ஆனால் எல்லா இரசாயனப் பசளையும் எந்த அளவிலும் நஞ்சு என்ற அவரது முடிவு அதிலிருந்து பிறக்காது. அவர் பார்த்த வேர் மாதிரிகள் மிகச் சில. ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் பாத்தி பிரித்து, எரு இட்டதையும் இடாததையும் பல முறை ஒப்பிட்ட பரிசோதனை அவரிடம் இருக்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் நிலம் இல்லையே என்று வருந்தியவருக்கு, இம்முறை இல்லாமற்போனது கட்டுப்பாட்டுத் தொகுதி.

நல்ல மண்ணில் வளரும் செடிக்கு நோய் வராது என்ற அவருடைய நம்பிக்கைக்கும் ஒரு சோதனை வந்தது. 1946 இல் தேயிலையின் கொப்புள நோய் இலங்கையில் தோன்றியது. அதுவும் ஒரு பங்கசுவே. இளங்கொழுந்தையே தாக்கும் அது, எரு இட்ட மலை, இடாத மலை என்று பார்க்கவில்லை. செப்பு மருந்து தெளித்துத்தான் தோட்டங்கள் தப்பின. வேர்ப்பங்கசு தாவரத்தின் எதிர்ப்பை ஓரளவு தூண்டும் என்பது மெய். எல்லா நோய்க்கும் அது கவசம் ஆகாது.

இன்னும் அண்மையில் நடந்ததை உங்கள் வீட்டாரே அறிவர். 2021 மே மாதத்தில் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக விழுந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் பசளைக் கணக்கு எளிது. 100 கிலோ தயாரித்த தேயிலையில் ஏறத்தாழ 4 கிலோ நைதரசன் இருக்கின்றது. ஹெக்டயருக்கு 1500 கிலோ எடுக்கும் மலையிலிருந்து, கொழுந்தோடு மட்டும் 60 கிலோ வெளியேறுகின்றது. நைதரசன் 1.5 சதவீதமுள்ள உலர்ந்த கூட்டெருவால் அதனை ஈடுசெய்ய 4000 கிலோ வேண்டும். அதிலும் முழுவதும் முதல் ஆண்டிலேயே செடிக்குக் கிடைத்துவிடாது. ஒரே போகத்தில் இவ்வளவையும் மலைக்கு ஏற்றுவது யார்? வேர்ப்பங்கசு மண்ணிலுள்ளதைத் தேடித் தரும், இல்லாததை உண்டாக்காது. வளிமண்டல நைதரசனைப் பதிப்பது றைசோபியம் பற்றீரியாவே அன்றி மைக்கொரைசா அல்ல. இரண்டையும் குழப்பி எழுதிப் புள்ளி இழப்போர் ஆண்டுதோறும் இருக்கின்றனர்.

ஹவார்ட் ஒரே இரவில் பசளையை நிறுத்தச் சொன்னவர் அல்லர், முதலில் எருவைச் செய்து காட்டியவர் என்பதையும் சொல்லவேண்டும். கழிவான தாவரப் பொருள் எதுவும் மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. கவ்வாத்துக் குச்சியும் அதில் அடங்கும். லயத்தில் அந்தக் குச்சி அடுப்புக்குப் போகின்றது, வேறு விறகு இல்லாத வீட்டைக் குறைசொல்லவும் முடியாது. இந்த இடத்தில் அவருடைய நூல் நமக்கு விடை தரவில்லை.

சேர் அல்பேர்ட் ஹவார்ட் 1947 ஒக்டோபர் 20 ஆம் திகதி இலண்டனில் காலமானார். ரெய்னர் அடுத்த ஆண்டு மறைந்தார். பங்கசு நோயை ஒழிக்கப் புறப்பட்டவர், கடைசிப் பத்து ஆண்டுகளை ஒரு பங்கசுக்காக வாதாடியே கழித்தார்.

ஆய்வுகூட வேலை ஒன்று. தேயிலை வேரில் தனின் அதிகம் என்பதால் நிறம் நீங்குவது கடினம். முதலில் வீட்டுத் தோட்டத்துச் சோளம் அல்லது வெங்காயத்தின் மெல்லிய வேர்களை எடுங்கள். கழுவி, 10 சதவீத பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஆசிரியர் முன்னிலையில் சூடாக்குங்கள். கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்தான கரைசல் இது, விளையாட்டு வேண்டாம். நீரில் நன்றாக அலசியபின், வெள்ளை வினாகிரியில் 5 சதவீதம் பேனா மை கலந்து அதில் மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். பின்பு சிறிதளவு வினாகிரி சேர்த்த நீரில் கழுவி, தகட்டில் வைத்து நசுக்கி, நுணுக்குக்காட்டியின் 10 மடங்கு பொருளியில் தொடங்கி 40 மடங்குக்குச் செல்லுங்கள். வரிசையாக அடுக்கிய பெட்டிகள் போன்ற கலங்களில், சிலவற்றுக்குள் மட்டும் மை பிடித்த பூக்கோவா போன்ற உருத் தெரியும். பக்கத்துக் கலம் வெறுமையாக இருக்கும். இரண்டையும் வரைந்து பெயரிடுங்கள்.